கிரெடிட் மாற்றம்: பாதியில் கல்லூரி மாறும் மாணவரின் உரிமைகள்

திருவண்ணாமலை மாவட்ட ஆட்சியர் அலுவலகம் வேங்கிக்காலில் இயங்குகிறது. சாதிச் சான்றிதழ், கல்வி உதவித்தொகை குறித்த மனுக்களைத் திங்கட்கிழமைக் குறைதீர் கூட்டத்தில் அங்கு அளிக்கலாம். ஆனால் கல்லூரி மாறும் மாணவர் முன்பே தேர்ச்சி பெற்ற பாடங்கள் புதிய இடத்தில் செல்லுமா என்பதை ஆட்சியர் தீர்மானிக்க இயலாது. அது பல்கலைக்கழகத்தின் அதிகாரம். சாதிய அவமதிப்பாலோ கட்டணச் சுமையாலோ பாதியில் வெளியேறும் தலித் மாணவர் ஓராண்டை இழப்பதும் காப்பதும் இம்முடிவைப் பொறுத்ததே.

எவ்வாறு முடிவு செய்கின்றனர்?

இம்மாவட்டத்தின் கலை, அறிவியல் கல்லூரிகள் திருவள்ளுவர் பல்கலைக்கழகத்துடன் இணைவு பெற்றவை. பாடத்திட்டம் பொதுவாக உள்ள இரு கல்லூரிகளுக்கிடையே மாறுவதில் சிக்கல் குறைவு. தன்னாட்சிக் கல்லூரிக்கோ வேறு பல்கலைக்கழகத்திற்கோ மாறும்போது ஒப்பீடு தொடங்குகிறது. பாடத்தின் உள்ளடக்கம், கிரெடிட் எண்ணிக்கை, பெற்ற மதிப்பெண், எந்தப் பருவத்தில் படித்தது ஆகியவற்றைத் துறையும் பாடத்திட்டக் குழுவும் பார்க்கின்றன. பாடத்தின் பெயர் ஒன்றாக இருப்பது மட்டும் போதாது. விடுபட்ட பாடங்களைத் தனியே எழுதுமாறு கூறுவதும் உண்டு.

கிரெடிட் வங்கி தருவதும் தராததும்

பல்கலைக்கழக மானியக்குழு 2021இல் கல்விசார் கிரெடிட் வங்கிக்கான விதிமுறைகளை வெளியிட்டது. அதில் சேரும் கிரெடிட்டுகள் பொதுவாக 7 ஆண்டுகள் வரை செல்லும். பட்டம் வழங்கும் நிறுவனத்தில் குறைந்தது 50 விழுக்காடு கிரெடிட்டுகளைப் பெற்றிருக்க வேண்டும். ஆனால் கணக்கில் கிரெடிட் இருப்பதாலேயே இடம் கிடைத்துவிடாது. சேர்க்கை தனி முடிவு.

நாம் செய்ய வேண்டியவை

மாற்றுச் சான்றிதழ் வாங்குவதற்கு முன்பே புதிய கல்லூரியிடம் எழுத்துப்பூர்வமான ஒப்புதலைப் பெறுவோம். மதிப்பெண் பட்டியலுடன் பாடத்திட்டத்தின் நகலையும் வைத்துக்கொள்வோம். படிப்போ ஆண்டோ மாறினால் உதவித்தொகை தொடருமா என்று ஆதிதிராவிடர் நல அலுவலகத்தில் முன்கூட்டியே கேட்போம். மறுப்பு வந்தால், எந்தப் பாடம், எந்தக் காரணம் என எழுத்தில் கோருவோம்.

காரணம் தராத அரசு நிறுவனத்திடம் தகவல் அறியும் உரிமைச் சட்டம், 2005இன்கீழ் கேட்கலாம். 30 நாள்களில் பதில் தர வேண்டும். மானியக்குழுவின் 2023 விதிமுறைப்படி ஒவ்வொரு நிறுவனத்திலும் மாணவர் குறைதீர்க் குழு இருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடி, பிற பிற்படுத்தப்பட்ட வகுப்பினர் ஒருவரேனும் அதன் தலைவராகவோ உறுப்பினராகவோ இருப்பது கட்டாயம். குழுவின் முடிவை ஏற்க இயலாவிடில் 15 நாள்களுக்குள் குறைதீர்ப்பாளரிடம் மேல்முறையீடு செய்யலாம்.

வாய்மொழி மறுப்பை நிறுவி முறையிடுவது கடினம். எனவே முதல் விண்ணப்பத்தையே எழுத்தில் அளித்து, பெற்றுக்கொண்டதற்கான ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்குவோம்.