தகரக் கூரையும் இரவு வானமும்

சித்திரை மாதத்து நண்பகலில், தகரக் கூரை வேய்ந்த கார் கொட்டகை ஒன்றினுள் பத்து நிமிடம் நின்று பாருங்கள். காற்று ஓரளவு வீசினாலும் உச்சந்தலைக்கு மேலே யாரோ காய்ந்த தோசைக்கல்லைப் பிடித்திருப்பது போலிருக்கும். வீட்டையொட்டிய இத்தகைய கொட்டகைகளில் இப்போது வண்டி மட்டும் நிற்பதில்லை. தையல் இயந்திரம் ஓடுகிறது. பழுது பார்க்கும் பட்டறை நடக்கிறது. மாலையில் பிள்ளைகள் பாடம் படிக்கிறார்கள். அதைக் குளிர வைக்க மின்விசிறி போதுமா, ஏர்கூலர் வாங்கலாமா, ஏ.சி. பொருத்தலாமா, கூரைக்கு வெள்ளை அடிக்கலாமா என்ற கேள்வி கோடை பிறந்ததும் வீடுதோறும் எழுகின்றது. இதற்கு விடை தேட, சுமார் 250 ஆண்டுகள் பின்னோக்கிச் செல்வோம்.

1775-ஆம் ஆண்டு ராபர்ட் பார்க்கர் என்ற ஆங்கிலேயத் தளபதி, இந்தியாவில் பனிக்கட்டி தயாரிக்கும் முறையைப் பற்றி லண்டன் ராயல் கழகத்தின் ஏட்டில் எழுதினார். இடம் அலகாபாத். திறந்த வெளியில் சுமார் 2 அடி ஆழத்திற்குக் குழி வெட்டுவார்கள். அடியில் கரும்புச் சக்கையையோ சோளத்தட்டையையோ கனமாகப் பரப்பி, அதன்மேல் மெருகிடாத, ஆழம் குறைந்த சிறு மண்தட்டுகளை நெருக்கமாக அடுக்கி, காய்ச்சி ஆற வைத்த நீரை அந்தி சாயும்போது ஊற்றுவார்கள். மார்கழி, தை மாதங்களில், மேகமில்லாத அமைதியான இரவாயின், விடியுமுன் தட்டுகளில் பனிக்கட்டி படர்ந்திருக்கும். காற்றின் வெப்பநிலை உறைநிலைக்குக் கீழே இறங்காத இரவுகளிலும் இது நடந்தது என்பதுதான் வியப்பு!

மண்தட்டின் நுண்துளைகள் வழியே நீர் கசிந்து ஆவியாவதால் குளிர்கிறது, நம் மண்பானைத் தண்ணீர் போல, என்றுதான் பலரும் கருதினார்கள். நீங்களும் அப்படித்தான் நினைத்திருப்பீர்கள். என் மாணவர்களும் தவறாமல் இதையே சொல்வார்கள். லண்டன் மருத்துவர் வில்லியம் சார்லஸ் வெல்ஸ் இதை ஏற்கவில்லை. காற்று வீசினால் ஆவியாதல் மிகும்; எனவே காற்றடிக்கும் இரவில் பனிக்கட்டி நன்றாக உருவாக வேண்டும். உண்மையிலோ காற்றடித்தால் பனிக்கட்டி உருவாவதில்லை! மேகம் மூடினாலும் உருவாவதில்லை. ஆகவே, நீர் தன் வெப்பத்தை வானத்தை நோக்கிக் கதிர்வீச்சாக இழக்கின்றது என்று அவர் வாதிட்டார். அடியிலுள்ள காய்ந்த சக்கை தரையின் வெப்பம் மேலே வராமல் தடுக்கிறது. அவ்வளவுதான் அதன் வேலை. பனித்துளி தோன்றுவதும் இதே காரணத்தால்தான் என்று 1814-இல் அவர் ஒரு நூலே எழுதினார். கம்பளித் துணுக்குகளை எடை போட்டு, இரவெல்லாம் திறந்த வெளியில் வைத்து, காலையில் மீண்டும் எடை போட்டுச் சேர்த்த சான்றுகள் அந்நூலில் உள்ளன. விடியற்காலையில் தகரக் கூரை நனைந்து நீர் சொட்டுவதை நீங்கள் பார்த்திருந்தால், வெல்ஸ் சொன்னதைக் கண்ணாரக் கண்டவர் ஆவீர்கள்.

இரவில் இப்படிக் குளிரும் தகரம், பகலில் நம்மை வாட்டுவதேன்? அதற்குத் தகரத்தின் கதையையும் சிறிது அறிய வேண்டும். 1829-இல் லண்டன் துறைமுகப் பொறியாளர் ஹென்றி பாமர் இரும்புத் தகட்டை நெளிநெளியாக வளைத்துக் கூரையாக்கும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 1837-இல் பிரான்சில் ஸ்டானிஸ்லாஸ் சோரல் இரும்பின் மேல் துத்தநாகம் பூசித் துருவைத் தடுக்கும் முறையைக் கண்டார். இலேசானது, மலிவானது, கப்பலில் அடுக்கி அனுப்பத்தக்கது. எனவே உலகெங்கும் பரவியது. ஆனால் கீற்றிலும் நாட்டு ஓட்டிலும் இருக்கும் காற்றுப் பொதிவு தகரத்தில் இல்லை. அரை மில்லிமீட்டர் தகடு வெப்பத்தைத் தடுக்குமா? மேல்பக்கம் பெற்ற வெயில் கீழ்ப்பக்கத்திற்கு உடனே வந்துவிடும்.

வந்த வெப்பம் எவ்வளவு என்று கணக்கிடலாம். ஒரு பொருள் வீசும் வெப்பக் கதிர் அதன் தனிவெப்பநிலையின் நான்காம் அடுக்கைப் பொறுத்தது என்று 1879-இல் ஜோசப் ஸ்டெஃபான் கண்டறிந்தார். துருவேறிய, அல்லது வண்ணம் பூசிய, தகரம் நண்பகலில் 65 டிகிரி செல்சியஸில் இருப்பதாகவும், கீழே தரை 35 டிகிரியில் இருப்பதாகவும் கொள்வோம். ஒவ்வொரு சதுர மீட்டரிலிருந்தும் கீழே இறங்கும் நிகர வெப்பம் சுமார் 200 வாட். கொட்டகை 3 மீட்டர் அகலம், 6 மீட்டர் நீளம் என்றால் 18 சதுர மீட்டர். மொத்தம் 3,600 வாட். அதாவது, ஒரு கிலோவாட் மின் அடுப்புகள் மூன்றரையைத் தலைகீழாகக் கூரையில் தொங்கவிட்டது போல!

இனி ஏ.சி.யைப் பாருங்கள். அதை 'ஒரு டன்', 'ஒன்றரை டன்' என்கிறோமே, அது இயந்திரத்தின் எடையன்று. 19-ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவின் பாஸ்டன் நகர வணிகர் ஃபிரெடெரிக் டியூடர் குளத்துப் பனிக்கட்டியை வெட்டிக் கப்பலில் ஏற்றி விற்றார். 1833-இல் 'டஸ்கனி' என்ற கப்பல் சுமார் 180 டன் பனிக்கட்டியுடன் புறப்பட்டு, நான்கு மாதங்களுக்குப் பின் கல்கத்தாவை அடைந்தபோது ஏறத்தாழ 100 டன் மிஞ்சியிருந்தது. சென்னைக் கடற்கரையில் ஐஸ் ஹவுஸ் என்று பெயர் பெற்ற கட்டடம் (இன்று விவேகானந்தர் இல்லம்) இந்த வாணிபத்திற்காகவே 1840-களில் எழுந்தது. பனிக்கட்டியால் குளிர்வித்த பழக்கத்தினால்தான், ஒரு நாளில் ஒரு அமெரிக்க டன் (907 கிலோ) பனிக்கட்டி உருகி எடுக்கும் வெப்பம், குளிர்பதன இயந்திரங்களுக்கும் அளவாயிற்று. நொடிக்கணக்கில் அது ஏறக்குறைய 3,500 வாட். நம் கொட்டகைக் கூரை இறக்கும் வெப்பமோ 3,600 வாட். ஒரு டன் ஏ.சி. முழுமூச்சாக ஓடினாலும் கூரைக்கு ஈடுகொடுப்பதோடு சரி. சுவரும், கதவிடுக்கும், வண்டியின் சூடான எஞ்சினும் இன்னும் கணக்கில் வரவில்லை. மின்கட்டணத்தை நீங்களே ஊகித்துக் கொள்ளலாம்.

ஏர்கூலரின் மூதாதை வெட்டிவேர்த் தட்டி. வட இந்தியக் கோடையில் வாசலில் அதைக் கட்டி நீர் தெளிப்பார்கள். ஒரு கிராம் நீர் ஆவியாக ஏறத்தாழ 580 கலோரி வெப்பத்தைக் காற்றிலிருந்து எடுத்துக்கொள்ளும். நல்ல முறைதான், ஆனால் எங்கே? டெல்லியில் 42 டிகிரி வெப்பமும் 20 சதவீத ஈரப்பதமும் உள்ள நாளில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி சுமார் 24 டிகிரி காட்டும். சென்னையில் 35 டிகிரி, 65 சதவீத ஈரப்பதம் என்றால் அது 29-க்குக் கீழே இறங்காது. எந்த ஏர்கூலரும் அந்த எல்லையைத் தாண்ட இயலாது. மூடிய கொட்டகையில் ஈரம் தேங்கி வியர்வையும் உலராமற் போகும், கருவிகளும் துருப்பிடிக்கும். உள்மாவட்டங்களின் வறண்ட பங்குனியில் பயன்படலாம். கடற்கரை ஊர்களுக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

ஆகவே வெப்பத்தை வந்தபின் விரட்டுவதைவிட வராமல் தடுப்பதே மலிவு. இதற்கும் வரலாற்றில் வழி உண்டு. 1804-இல் ஜான் லெஸ்லி என்ற ஸ்காட்லாந்து அறிஞர் ஒரு கனசதுரத் தகரப் பெட்டியில் வெந்நீரை நிரப்பினார். ஒரு பக்கம் கரி பூசியது, ஒரு பக்கம் மெருகேற்றிய உலோகம். எல்லாப் பக்கமும் ஒரே வெப்பநிலையில் இருந்தும், பளபளப்பான பக்கம் மிகக் குறைவான வெப்பக் கதிரையே வீசிற்று. தகரத்திற்குக் கீழே ஓரிரு அங்குல இடைவெளி விட்டு அலுமினியத் தாளை இழுத்துக் கட்டினால் நடப்பதும் இதுவே. அத்தாள் வீசும் கதிர் துருத்தகரம் வீசுவதில் பத்திலொரு பங்குக்கும் குறைவு. தகரத்தோடு ஒட்டிவிட்டால் வெப்பம் கடத்தலால் நேரே ஏறிவிடும். பளபளப்பு கீழ்நோக்கி இருப்பது நல்லது. அங்கே தூசி படியாது.

மேற்புறத்திற்கு வெள்ளைப் பூச்சு. நல்ல பூச்சு வெயிலில் முக்கால் பங்கையாவது திருப்பியனுப்பும். 2014-இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் ஆஸ்வத் ராமனும் அவருடைய குழுவினரும், வெயிலில் 97 சதவீதத்தைத் திருப்பியனுப்பி, அதே வேளையில் வளிமண்டலம் தடுக்காத 8 முதல் 13 மைக்ரான் அலைநீளத்தில் வெப்பத்தை வான்வெளிக்கு வீசும் படலம் ஒன்றைச் செய்தனர். நேர் வெயிலில் அது சுற்றுக் காற்றைவிட ஏறக்குறைய 5 டிகிரி குளிர்ந்திருந்தது. அலகாபாத் மண்தட்டு இரவில் செய்த வேலையைப் பட்டப்பகலில் செய்து காட்டிய படலம் இது! 2021-இல் பர்டியூ பல்கலைக்கழகத்தார் பேரியம் சல்பேட்டைக் கொண்டு 98 சதவீதம் பிரதிபலிக்கும் பெயிண்டே ஆக்கினர்.

நம் கொட்டகைக்கு அவ்வளவு தேவையில்லை. முதலில் கூரைக்கு வெள்ளை, பிறகு தாள், அதன்பின் வெந்த காற்று வெளியேறக் கூரையை ஒட்டி இருபுறமும் திறப்பு, கடைசியில் மின்விசிறி. இந்த வரிசையில் செலவழித்தால் ஏ.சி.யைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் எழாது. வெள்ளையின்மேல் புழுதியும் பாசியும் படிந்தால் பிரதிபலிப்பு குறைந்துவிடும். ஆண்டுதோறும் மாசியில் கூரையை ஒருமுறை கழுவி விடுங்கள்.