ஸ்மித்தும் கொல்லனும்



பல ஆண்டுகளுக்கு முன், கல்வராயன் மலையடிவாரத்துப் பள்ளி ஒன்றில் நான் ஆங்கிலம் கற்பித்து வந்தேன். வகுப்பில் ஒரே பெயருடைய மாணவர் இருவர் இருந்தனர். ஒருவன் தந்தை உழவர். மற்றவன் தந்தை கொல்லுப்பட்டறை வைத்திருந்தார். வருகைப் பதிவின்போது குழப்பம் நேராதிருக்கப் பின்னவனைப் 'பட்டறை வீட்டுப் பையன்' என்று அழைக்கலானேன். அதில் தவறு ஏதும் எனக்கு அன்று தோன்றவில்லை.

ஒருநாள் பாடத்தில் ஸ்மித் என்னும் பெயர் வந்தது. "ஸ்மித் என்றால் கொல்லர்" என்றேன். வகுப்பு முழுவதும் அவன் பக்கம் திரும்பி நகைத்தது. அவன் தலை கவிழ்ந்தான். நான் நகைத்தோரை அதட்டிவிட்டுப் பாடத்தைத் தொடர்ந்தேனேயன்றி, அவனுக்கு ஒரு சொல்லும் கூறினேனில்லை. அன்று கூறத் தவறியதை, ஓய்வு பெற்றுக் கருணாபுரத்தில் வாழும் இந்நாளில் உங்களுக்குக் கூற விழைகிறேன்.

ஆங்கிலேயரின் குடிப்பெயர்களைப் பெரும்பாலும் நான்கு வகையாகப் பிரிக்கலாம். தந்தை பெயரால் வந்தது ஒன்று. ஜான்சன் என்பது ஜானின் மகன் எனப் பொருள்படும். இடத்தால் வந்தது மற்றொன்று. நம் பக்கத்துப் பரங்கிப்பேட்டையில் 1830-ஆம் ஆண்டையொட்டி இரும்பாலை நிறுவிச் சேலத்து இரும்புக் கல்லை உருக்கினாரே ஹீத் என்பவர், அவர் பெயருக்குப் புதர் மண்டிய பொட்டல் நிலம் என்பது பொருள். உருவத்தாலோ குணத்தாலோ வந்தது மூன்றாவது. தொழிலால் வந்தது நான்காவது. டெய்லர் தையற்காரர், பேக்கர் ரொட்டி சுடுவோர், தாட்சர் கூரை வேய்வோர், ஸ்மித் கொல்லர்.

இப்பெயர்கள் எவ்வாறு தோன்றின? 1066-இல் நார்மானியர் இங்கிலாந்தை வெல்லுமுன் அந்நாட்டு மக்களில் மிகப் பலருக்கு ஒற்றைப் பெயரே இருந்தது. வென்றவர்கள் கொணர்ந்த வில்லியம், ராபர்ட் முதலிய சில பெயர்களே பின்னர் நாடெங்கும் பரவின. ஓரூரில் நான்கு வில்லியம்கள் இருப்பின் யாரை எவ்வாறு அழைப்பது? 'கொல்லன் வில்லியம்' என்றனர். என் வகுப்பில் நான் செய்ததும் அதுவேயன்றோ?

இங்கே ஒன்றை உற்று நோக்குங்கள். ஊரில் பெரும்பாலோர் உழவர். ஆதலின் 'உழவன் வில்லியம்' என்பது எவனையும் பிரித்துக் காட்டாது. கொல்லனோ ஊருக்கு ஒருவன், மிஞ்சினால் இருவன். கலப்பைக்குக் கொழுவும், கதிருக்கு அரிவாளும், குதிரைக்கு இலாடமும், போருக்கு வாளும் அவன் உலையிலிருந்தே வர வேண்டும். எல்லா ஊர்க்கும் இன்றியமையாதவன். எனினும் ஓரூரில் அரியவன். ஆகவேதான் ஊர்தோறும் ஒரு ஸ்மித் தோன்றி, அப்பெயர் இங்கிலாந்தில் மிகுதியாக வழங்கும் குடிப்பெயராயிற்று. ஸ்மித்துகள் யாவரும் ஒரு குடியின் வழிவந்தவர் அல்லர். ஜெர்மானியரின் ஷ்மிட், இத்தாலியரின் பெர்ராரி, ஹங்கேரியரின் கோவாச் முதலியனவும் கொல்லர் தொழிலால் வந்த பெயர்களே.

தொடக்கத்தில் அப்பெயர் ஆளோடு முடிந்தது. கொல்லனின் மகன் நெசவு பழகின், அவன் நெசவாளன் எனப்பட்டான். நாளடைவில் பெயர் தந்தையிடமிருந்து மகனுக்கு இறங்கலாயிற்று. 1377, 1379, 1381 ஆகிய ஆண்டுகளில் விதிக்கப்பட்ட தலைவரியின் ஏடுகளில், பெயருக்கேற்ற தொழில் செய்வோரும் உளர். பெயர் ஒன்றாகவும் தொழில் வேறாகவும் வாழ்ந்தோரும் உளர். 1538-இல் திருமணம், திருமுழுக்கு, அடக்கம் ஆகியவற்றைக் கோயில்தோறும் பதிய வேண்டும் என ஆணை பிறந்தபின் குடிப்பெயர்கள் மேலும் உறுதிப்பட்டன.

இவ்வாறு பெயர் நிலைத்தது, தொழில் விலகியது. பொற்கொல்லர் எனப் பொருள்படும் பெயருடைய ஆலிவர் கோல்ட்ஸ்மித்தின் தந்தை ஒரு பாதிரியார். ஆடம் ஸ்மித்தின் தந்தை சுங்க அதிகாரி. அவ்வறிஞர் 1776-இல் வெளியிட்ட நூலின் முதல் இயலிலேயே, ஆணி செய்து பழகாத கொல்லன் ஒரு நாளில் எத்தனை ஆணி செய்வான் என்று கணக்கிடுகிறார். கொல்லன் என்னும் பெயரைத் தாங்கிய ஒருவர் கொல்லனின் உழைப்பை ஆராய்ந்து பொருளியலுக்கு அடிகோலினார். அவர் பெயரைக் கேட்டு எவரும் நகைத்ததில்லை.

நம் நாட்டு நிலை என்ன? சங்கச் சான்றோரின் பெயர்களைப் பாருங்கள். மதுரைக் கூலவாணிகன் சாத்தனார் தானிய வணிகர். மதுரை அறுவை வாணிகன் இளவேட்டனார் துணி வணிகர். தங்கால் பொற்கொல்லன் வெண்ணாகனார், மருத்துவன் தாமோதரனார் ஆகியோரும் உளர். குறுந்தொகைப் புலவருள் ஒருவர் பெயரே மதுரைப் பெருங்கொல்லன் என்பது. கரிகாலன் முன்னிலையில், அவனிடம் தோற்ற சேரனே அவனினும் நல்லவன் என்று பாடும் துணிவு பெற்றிருந்தவர் வெண்ணிக்குயத்தியார். குயவர் குடியினர் என்பர். அழகர்மலைக் குகையில் உள்ள தமிழிக் கல்வெட்டுகளும் பொற்கொல்லன், உப்பு வணிகன், கொழு வணிகன் ஆகியோரின் கொடையைக் கூறுகின்றன. தம் தொழிற்பெயரைக் கல்லில் பொறிக்க அவர்கள் நாணினாரில்லை.

பிற்காலத்திலோ, தொழில் பிறப்போடு பிணைக்கப்பட்டது. தொழிற்பெயர் சாதிப் பெயராகி, உயர்வு தாழ்வை அளக்கும் கோலாயிற்று. இங்கிலாந்திலும் மேலோர் கீழோர் என்னும் வேறுபாடு இல்லாமல் இல்லை. ஆயினும் அங்கே பெயர் தொழிலைக் கைவிட்டு நடந்தது; இங்கே பெயர் மனிதனைத் தொழிலோடு சேர்த்துக் கட்டிற்று. அதனாலன்றோ 1929-இல் செங்கற்பட்டில் கூடிய சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை நீக்க வேண்டுமெனத் தீர்மானித்தது? தந்தை பெயரின் முதலெழுத்தை மட்டும் முன்னே வைத்துக்கொள்ளும் வழக்கம் இன்று நம்மிடையே பரவி நிற்கிறது.

அவ்வழக்கம் நன்றே. ஆயினும் பட்டம் நீங்கினால் போதுமா? என் மாணவனை நாணச் செய்தது 'கொல்லர்' என்னும் சொல் அன்று. அச்சொல்லில் நாங்கள் ஏற்றியிருந்த இழிவே ஆகும். மலையிலிருந்து இறங்கி வருவோரின் கோடரியும், எங்கள் ஊர்க் கரும்பு வெட்டும் கத்தியும் அவன் தந்தையின் உலையில் கூர் பெற்றவை. வகுப்பில் நகைத்தோர் வீட்டு அரிவாளும் அங்கே தீட்டப்பட்டதுதான்.

ஆகவே, மாணவர்களே, உங்கள் வகுப்பில் ஒரே பெயருடையோர் இருவர் இருப்பின், அவர்தம் தந்தையின் முதலெழுத்தைச் சேர்த்து அழையுங்கள். அவர் தந்தையின் தொழிலைக் கேட்க நேர்ந்தால், அத்தொழிலைக் கற்க விழைவார் போலக் கேளுங்கள். இதனை நான் முப்பதாண்டுகளுக்கு முன்பே அறிந்திருத்தல் வேண்டும்.