வரி முடிவுக் குறியின் வரலாறு

ஒரு கருவி வழக்கொழிந்த பின்னரும், அதன் பொருட்டு எழுந்த மரபு நெடுங்காலம் நிலைத்து நிற்பதுண்டு. கணினிகளிடையே இன்றும் காணப்படும் வரி முடிவுச் சிக்கல் இதற்குத் தக்க சான்றாகும். விண்டோஸ் கணினியில் எழுதிய ஷெல் கட்டளைத் தொடரொன்று, எழுத்துப் பிழை ஒன்றேனும் இல்லாதிருந்தும், லினக்ஸ் கணினியில் இயங்க மறுத்தல் கூடும். இதன் காரணத்தை அறியத் தந்திக் காலத்துக்கே செல்லல் வேண்டும்.

தட்டச்சுப் பொறியில் ஒரு வரி முடிந்ததும் இரு செயல்கள் நிகழும். ஒன்று, தாளைத் தாங்கும் உருளை வரித் தொடக்கத்துக்கு மீளல். மற்றையது, தாள் ஒரு வரியளவு மேலேறல். தட்டெழுத்தாளர் ஒரே நெம்பினால் இரண்டையும் செய்வார். தொலைவிலுள்ள பொறிக்கோ இவற்றைக் குறிகளால் உணர்த்த வேண்டியதாயிற்று. நியூசிலாந்திற் பிறந்த டொனால்ட் மரே 1901ஆம் ஆண்டளவில் அமைத்த தந்திக் குறியீட்டில் இரண்டுக்கும் தனித்தனிக் குறிகள் இடம்பெற்றன. 1963ஆம் ஆண்டில் வெளியான அஸ்கி நியமத்தில் மீள்குறி 13 என்னும் எண்ணையும், வரியேற்றக்குறி 10 என்னும் எண்ணையும் பெற்றன. அக்காலத்து ரெலிரைப் 33 என்னும் பொறி வினாடிக்குப் பத்து எழுத்துக்களை அச்சிட்டது. அச்சுத்தலை இடப்புறம் மீள ஓரெழுத்துக்குரிய நேரம் போதாமையால், இரு குறிகளை அடுத்தடுத்து அனுப்புதல் அதற்கு வேண்டிய அவகாசத்தையும் அளித்தது.

பின்வந்தோர் இம்மரபை வெவ்வேறாகக் கைக்கொண்டனர். மல்டிக்ஸ் என்னும் இயக்க முறைமையை ஆக்கியோர், கோப்பில் வரியேற்றக்குறி ஒன்றே போதும் எனவும், பொறிக்கு வேண்டுவதை அச்சிடும் வேளையிற் சேர்த்துக்கொள்ளலாம் எனவும் கொண்டனர். 1969ஆம் ஆண்டில் பெல் ஆய்வுகூடத்தில் கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் தொடக்கிய யுனிக்ஸ் இவ்வழியைப் பின்பற்றியது. 1991ஆம் ஆண்டில் தோன்றிய லினக்சும் அவ்வாறே. மறுபுறம், 1974ஆம் ஆண்டில் கரி கில்டோல் ஆக்கிய சிபிஎம் இரு குறிகளையும் பேணிற்று. 1981ஆம் ஆண்டின் எம்எஸ்-டொஸ் அதனைத் தழுவ, விண்டோஸ் அதன் வாரிசாயிற்று. 1984ஆம் ஆண்டின் மக்கின்ரொஷ் மீள்குறியை மட்டும் கொண்டது; 2001ஆம் ஆண்டின் புதிய முறைமையுடன் அதுவும் யுனிக்ஸ் வழிக்குத் திரும்பிற்று.

ஷெல் தொடரின் முதல் வரி, அதனை இயக்கவேண்டிய நிரலின் பெயரைக் கூறும். விண்டோஸ் இட்ட மீள்குறி அப்பெயரின் ஈற்றில் ஒட்டிக்கொள்ள, லினக்ஸ் அதனையும் பெயரின் ஓர் எழுத்தாகவே கொள்கின்றது. அத்தகைய நிரல் யாண்டும் இன்மையால், தேடிய நிரல் இல்லை என அறிவிக்கின்றது. திரையிலோ பெயர் பிழையின்றித் தோன்றும். ஆகவே பயில்வோன் குற்றமற்ற தன் கட்டளைகளையே மீண்டும் மீண்டும் திருத்தி அல்லலுறுகின்றான். மிகையான குறியை நீக்கும் சிறு நிரலொன்று இதனை ஒரு நொடியில் தீர்க்கும். எனினும் நோயின் முதலை அறிந்தவனே அம்மருந்தை நாடுவான்.

இவ்வழிகளுள் எதுவும் அறியாமையால் விளைந்ததன்று. ஒவ்வொன்றும் தன் காலத்தில் நியாயமுடையதே. தன் வழக்கே உலக வழக்கு என ஒவ்வொரு தரப்பும் சொல்லாமற் கொண்டமையே இடர்ப்பாட்டின் வேராகும். அச்சுத்தலையும் உருளையும் மறைந்தன. அவற்றுக்கென அனுப்பப்பட்ட குறியோ கண்ணுக்குப் புலனாகாது இன்றும் வாழ்கின்றது. காரணம் மறந்த மரபினைக் கையாள்வோர்க்கு வரலாற்றறிவே துணையாதல் இதனாற் பெறப்படும்.