தேயிலைக்கு வாடிக்கை பிடித்த கதை: சிட்னியும் மெல்பர்னும், 1879–1903

பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், தலைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டால், உலகிலேயே மிகுதியாகத் தேநீர் குடித்த மக்களுள் ஆஸ்திரேலியக் குடியேற்றங்களில் வாழ்ந்தோரும் அடங்குவர். 1880 வரை அவர்கள் குடித்தது பெரும்பாலும் சீனத் தேயிலை. அடுத்த இருபது ஆண்டுகளுக்குள் அதன் இடத்தை இந்தியத் தேயிலையும் இலங்கைத் தேயிலையும் பிடித்துக்கொண்டன. விலை, கப்பல் வழி, தோட்டங்களின் பெருக்கம் ஆகியவற்றைக் கொண்டு இந்த மாற்றத்தை விளக்குவது வழக்கமாக இருப்பினும், நாவுக்குப் பழகிப்போன ஒரு சுவையிலிருந்து மனிதரை வேறொன்றுக்குத் திருப்புவது கடை வாசலில் நடந்தாக வேண்டிய காரியம் என்பதால், சிறு முதலுடன் சிட்னியிலும் மெல்பர்னிலும் கடை விரித்தவர்கள் வாடிக்கை பிடித்த விதத்தையும் சேர்த்துப் பார்க்காமல் அந்த வரலாறு முழுமை பெறாது.

தொடக்கம் பொருட்காட்சிகளில் அமைந்தது. 1879 செப்டம்பரில் சிட்னியிலும், 1880 அக்டோபரில் மெல்பர்னிலும் பன்னாட்டுப் பொருட்காட்சிகள் திறக்கப்பட்டன. மெல்பர்ன் காட்சிக்கெனக் கார்ல்டன் பூங்காவில் எழுப்பப்பட்ட கட்டடம் இன்றும் நிற்கிறது. இவ்விரண்டிலும் இந்தியப் பகுதியின் பொறுப்பை ஏற்றவர் ஜேம்ஸ் இங்கிலிஸ் என்ற ஸ்காட்லாந்துக்காரர். பீகாரில் அவுரித் தோட்டக்காரராக இருந்து, உடல்நலம் கெட்டு 1877இல் ஆஸ்திரேலியா வந்த இவர், கல்கத்தா தேயிலைச் சிண்டிகேட்டுக்கு, அதாவது இந்தியத் தேயிலைக்குப் புதுச் சந்தை தேடுவதற்காகத் தோட்ட முதலாளிகள் அமைத்த கூட்டமைப்புக்கு, முகவராகவும் ஆனார். அசாம் தேயிலையின் சாயமும் துவர்ப்பும் சீனத் தேயிலைக்குப் பழகியவர்களுக்கு முதலில் கடுமையாகவே பட்டன. ஆயினும் அதே கடுமை, குறைந்த இலையில் கூடுதல் கோப்பை என்ற கணக்காக மாற்றிச் சொல்லப்பட்டபோது, சிக்கனம் பார்க்கும் குடும்பங்களுக்கு ஏற்புடைய வாதமாயிற்று. 1883 அளவில் இங்கிலிஸ் தம் பெயரிலேயே ஒரு வணிக நிறுவனத்தைத் தொடங்கினார்.

இதே ஆண்டுகளில் சிட்னியில் சீனத் தேயிலையை விற்ற மெய் குவாங் டார்ட்டின் முறை முற்றிலும் வேறு. 1850இல் குவாங்டுங் மாகாணத்தில் பிறந்து, 1859இல் சிறுவனாக நியூ சவுத் வேல்ஸின் பிரெயிட்வுட் தங்க வயல்களுக்கு வந்து, அங்கே ஓர் ஐரோப்பியக் குடும்பத்தின் அரவணைப்பில் வளர்ந்த அவர், ஸ்காட்லாந்துப் பாடல்களை அந்நாட்டாரே வியக்கும் வண்ணம் பாடக் கற்றிருந்தார். 1881இல் சீனா சென்று திரும்பியபின் சிட்னியில் தேயிலையும் பட்டும் விற்கும் கடையைத் திறந்தார். வாங்க வருவோர் இலையை முகர்ந்து பார்த்து முடிவு செய்யும் வழக்கத்துக்கு மாறாக, காய்ச்சிய தேநீரையே ஒரு கோப்பை கொடுத்துச் சுவைக்கச் செய்தது அவர் கண்ட உத்தி. பொட்டலத்தை விற்பதற்காகக் கொடுக்கப்பட்ட அந்தக் கோப்பைக்காகவே ஆட்கள் வரத் தொடங்கியதும், அதற்குக் காசு வாங்கி, ஸ்கோன் எனப்படும் சிறு ரொட்டியையும் சேர்த்துப் பரிமாறினார். மாதிரியாகத் தொடங்கியது தனித் தொழிலாக வளர்ந்த இந்தப் போக்கில்தான் சிட்னியின் புகழ்பெற்ற தேநீரகங்கள் பிறந்தன. 1889இல் கிங் தெருவில் திறக்கப்பட்ட தேநீரகத்தில் பளிங்கும் மீன்கள் நீந்தும் குளங்களும் இருந்தன. 1898இல் ஜார்ஜ் தெருவின் விக்டோரியா அரசி சந்தைக் கட்டடத்தில் எலைட் ஹால் என்ற பெருங்கூடம் வந்தது. மதுக்கடைகளே பொதுவான கூடுமிடங்களாக இருந்த நகரில், ஆண் துணையின்றிப் பெண்கள் மதிப்போடு வந்து அமர ஓர் இடம் கிடைத்ததென்பது அவருடைய வணிகத்துக்குக் கிடைத்த பெரும் வலிமை. வாக்குரிமை கேட்ட பெண்களும் அந்த மேசைகளில் கூடினர்.

ஆதரவற்றோர் விடுதிகளில் அவர் அளித்த விருந்துகளையும், அபினி இறக்குமதியைத் தடுக்க நடத்திய இயக்கத்தையும், மேடைகளில் பாடிய பாடல்களையும் விளம்பரம் என்று சுருக்கிவிடுவது நியாயமாகாது. அதே வேளையில், அவையின்றி அவர் கடைக்கு அத்தனை பேர் வந்திருப்பார்களா என்பதும் ஐயத்துக்குரியதே. சீனர் மீதான பகைமை உச்சத்தில் இருந்த காலம் அது. 1888இல் நியூ சவுத் வேல்ஸ் நிறைவேற்றிய சட்டம், புதிதாக வரும் ஒவ்வொரு சீனரும் செலுத்த வேண்டிய தலைவரியை 10 பவுண்டிலிருந்து 100 பவுண்டாக உயர்த்தியது. அந்தச் சட்டத்தைக் கொண்டுவந்த முதல்வர் ஹென்றி பார்க்ஸின் அமைச்சரவையில் கல்வி அமைச்சராக அமர்ந்திருந்தவர் இந்தியத் தேயிலை வணிகரான ஜேம்ஸ் இங்கிலிஸ் என்பதைத் தேயிலை வரலாற்று நூல்கள் போகிறபோக்கில்கூடச் சுட்டுவது அரிது. ஒரு வணிகருக்கு விளம்பரம் விற்பனையைக் கூட்டும் வழியாக இருந்தபோது, மற்றவருக்கு அது அந்த ஊரில் தாம் இருப்பதற்கே ஒப்புதல் தேடும் வழியாகவும் இருந்தது.

குவாங் டார்ட் தேநீரில் கையாண்டதைப் போல, பணம் கேட்கும் முன் பண்டத்தைக் கையில் கொடுக்கும் முறையை மெல்பர்னில் புத்தகத்துக்குப் பொருத்தியவர் எட்வர்ட் வில்லியம் கோல். தெருவில் வண்டி வைத்து அப்பம் விற்றுப் பிழைத்த இவர், 1883இல் பர்க் தெருவில் திறந்த புத்தகக் கடையில், எவரும் எவ்வளவு நேரமும் வாங்காமலே உட்கார்ந்து படிக்கலாம் என்று அனுமதித்தார். தேயிலையைப் பொறுத்தவரை, அந்நகரில் 1879இல் தொடங்கிய கிரிஃபித்ஸ் சகோதரர்களின் நிறுவனம் வேறொன்றைக் கண்டது. இருப்புப்பாதை ஓரங்களில் நீலமும் வெள்ளையுமான எனாமல் பலகைகளை நட்டு, கிரிஃபித்ஸ் தேயிலைக்கு இன்னும் இத்தனை மைல் என்று அவற்றில் எழுதி வைத்தனர். நகரம் எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று அறிய விரும்பிய பயணி அந்தப் பெயரைப் படிக்காமல் இருக்க முடியாது. பயனுள்ள ஒரு செய்தியின் முதுகில் தம் பெயரை ஏற்றி அனுப்பிய அந்தப் பலகைகள் இன்று பழம்பொருள் சேகரிப்போர் தேடி வாங்கும் பொருளாகிவிட்டன.

இங்கிலிஸின் நிறுவனம் தன் தேயிலைக்குப் பில்லி டீ என்று பெயரிட்டிருந்தது. பில்லி என்பது காட்டுவெளியில் நெருப்பின் மேல் தொங்கவிட்டு நீர் கொதிக்க வைக்கும் தகரப் பாத்திரம். மூட்டையைச் சுமந்துகொண்டு ஊர் ஊராக வேலை தேடி அலைந்த கூலியாளின் அடையாளம். 1895இல் பேஞ்சோ பேட்டர்சன் எழுதிய ‘வால்ட்சிங் மட்டில்டா’ பாட்டில் அத்தகைய ஒருவர் பில்லி கொதிக்கக் காத்திருக்கும் காட்சி வருவதால், அதன் உரிமையை நிறுவனம் விலைக்கு வாங்கி, மேலாளரின் மனைவி மரீ கவனைக் கொண்டு இசையையும் சொற்களையும் சீர்செய்து, 1903இல் இசைத்தாளாக அச்சிட்டுத் தேயிலையோடு பரப்பியது. இன்று ஆஸ்திரேலியர் பாடுவது பெரும்பாலும் அந்த வடிவத்தைத்தான். 1977இல் தேசியப் பாடலைத் தெரிவு செய்ய நடந்த வாக்கெடுப்பில் அது 28 விழுக்காட்டு வாக்குகளுடன் இரண்டாம் இடத்தைப் பெற்றது.

பில்லி டீ பொட்டலத்தின் மேல் அச்சாகியிருந்தவை அந்தக் கூலியாளின் உருவமும் ஒரு கங்காருவும். இலை விளைந்த நாட்டைப் பற்றிய குறிப்பைவிட அதைக் குடிக்கும் நாட்டின் படமே விற்கும் என்று கணித்தது வணிக நோக்கில் கூர்மையான முடிவுதான். இலங்கைத் தேயிலைக்காரர்கள், சிறப்பாகத் தாமஸ் லிப்டன், இதற்கு நேர்மாறாகக் கூடையைத் தலையில் மாட்டிய தமிழ்ப் பெண்ணின் படத்தைப் பயன்படுத்தினர். எனினும் திருச்சிராப்பள்ளி, புதுக்கோட்டைப் பக்கங்களிலிருந்து ஆள் சேர்த்து அழைத்துச் சென்ற கங்காணியிடம் பட்ட கடனோடு இலங்கையின் மலைத்தோட்டங்களுக்கு ஏறி, லயம் எனப்பட்ட வரிசை வீடுகளில் குடியிருந்து, கொழுந்தின் எடைக்கேற்பப் பேர், அதாவது நாள்கூலிக் கணக்கு, போட்டுக்கொண்ட வாழ்க்கை எதுவும் அந்தப் படத்தில் இல்லை.

குவாங் டார்ட் 1902 ஆகஸ்டில் தம் அலுவலகத்தில் ஒரு திருடனால் இரும்புத் தடியால் தாக்கப்பட்டு, முழுமையாகத் தேறாமலே 1903 ஜூலையில் காலமானார். அவருடைய முகத்தையும் குரலையும் கொடையையும் நம்பியே மக்கள் வந்த கடைகள் என்பதால், பிறர் கைக்கு மாற்றித் தரக்கூடிய பெயரோ படமோ அவற்றில் மிகுந்திருக்கவில்லை. தேநீரகங்கள் அவருக்குப் பின் நெடுங்காலம் நிலைக்கவில்லை. இங்கிலிஸ் 1908இல் இறந்தபோது, யாருடைய முகமும் இல்லாத அவருடைய பொட்டலத்தின் பெயருக்கு எந்தக் குறையும் நேரவில்லை. பிற்காலத்தில் அந்தப் பெயர் வேறு நிறுவனத்தின் கைக்கு மாறியபோதும் கூலியாளின் உருவமும் கங்காருவும் அதன் மேல் தொடர்ந்து அச்சாயின.