கூறும் சட்டியும்: சேலம் – நாமக்கல் சமவெளியில் பன்றிக்கறிச் சமையல் மரபு

முன்னுரை

கொங்கு நாட்டின் கிழக்குப் பகுதியாகிய சேலம், நாமக்கல் சமவெளியில் பன்றிக்கறி நெடுங்காலமாக வீடுகளில் சமைக்கப்பட்டு வருகிறது. எனினும் அச்சமையல் குறித்து எழுதப்பட்ட சான்று மிகக் குறைவு. 1909இல் ஏழு தொகுதிகளாக வெளிவந்த எட்கர் தர்ஸ்டனின் ‘தென்னிந்தியக் குலங்களும் குடிகளும்’ போன்ற காலனியகால நூல்கள், ஒரு சாதியார் புலால் உண்பரா, எவ்விலங்கின் புலால் உண்பர் என்பவற்றைக் குறித்துவைத்தன. அக்குறிப்புகள் சாதியின் படிநிலையை அளக்கும் கோல்களாயின. யார் உண்கின்றனர் எனக் கேட்டவர்கள், எவ்வாறு சமைக்கின்றனர் எனக் கேட்கவில்லை. 1951இல் வெளிவந்து தமிழ் வீடுகளில் பெரும்புகழ் பெற்ற மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ சைவ உணவுக்கான நூலாதலின் அதில் இதனைத் தேடுவது பொருந்தாது. ஆகவே இச்சமையலின் வரலாற்றை வழக்குச் சொற்கள், வழிபாடு, அடுப்படி ஆகியவற்றைக் கொண்டே கட்டமைக்க வேண்டியுள்ளது. இத்தலைப்பைக் கூறியபோது சிரித்தவர்கள் உண்டு. அச்சிரிப்பும் இவ்வரலாற்றுக்குரிய ஒரு சான்றுதான்.

இலக்கியச் சான்று

தொல்காப்பிய மரபியல் பன்றியின் இளமைப் பெயராகக் ‘குருளை’ என்பதைச் சுட்டுகிறது. ஏனம், கேழல் முதலிய பெயர்களும் இலக்கியத்தில் வழங்கின. ஆயினும் வளர்ப்பு முறையைத் தெளிவாகக் காட்டுவது கடியலூர் உருத்திரங்கண்ணனாரின் பெரும்பாணாற்றுப்படை ஆகும். கள் அடும் மகளிர் ஆண்பன்றியைப் பெண்பன்றியோடு சேரவிடாமல் குழியில் நிறுத்தி, நெல் மாவு ஊட்டிப் பல நாள் கொழுக்க வைத்த செய்தியையும், அதன் கொழுத்த தசை கள்ளோடு வழங்கப்பட்ட செய்தியையும் அந்நூல் தருகிறது. பெண்பன்றியோடு சேரவிடாமைக்கான காரணத்தைப் புலவர் கூறவில்லை. வளர்ந்த ஆண்பன்றியின் கறியில் ஒருவகை வாடை உண்டென்பதும், அதனைத் தவிர்க்கவே இன்றைய பண்ணைகளில் ஆண்குட்டிகளுக்கு இளமையிலேயே விதைநீக்கம் செய்யப்படுகிறது என்பதும் இங்கு ஒப்புநோக்கத்தக்கவை. இந்நூல் பாடுவது தொண்டை நாட்டை; கொங்கு நாட்டை அன்று. அதனை நேரடியாக இச்சமவெளிக்குப் பொருத்துதல் பிழையாகும். பன்றியைத் தீனியிட்டுக் கொழுக்க வைத்து உண்ணும் அறிவு தமிழ் நிலத்திற்குப் பழையது என்ற அளவிலேயே இச்சான்றைக் கொள்கிறேன்.

முப்பூசையும் தடைச்சட்டமும்

கொங்குப் பகுதியில் ஆடு, கோழி, பன்றி ஆகிய மூன்றையும் பலியிடும் வழிபாடு முப்பூசை எனப்படும். கருப்பண்ணசாமி முதலிய தெய்வங்களுக்கு இப்பூசை நிகழ்கிறது. பலியின் பின் கறி கூறு போடப்படும். கூறு என்பது கறியைச் சிறு குவியல்களாகப் பகுத்து வைத்தல். எலும்பு, கொழுப்பு, தோல், ஈரல் ஆகியன எல்லாக் கூறுகளிலும் ஒத்து அமைய வேண்டும் என்பது வழக்கம். தனிக்கறியை மட்டும் கேட்டுப் பெறும் இன்றைய கடைப்பழக்கத்திற்கு இது நேர்மாறானது. வீட்டுச் சமையலின் இயல்பைத் தீர்மானித்தது இந்தக் கூறே எனக் கருதுகிறேன்: தோலும் கொழுப்பும் சேர்ந்து வந்தமையால் அவற்றிற்கேற்ற சமையல் உருவாயிற்று.

1950ஆம் ஆண்டின் விலங்கு, பறவை பலித் தடைச்சட்டம் நெடுங்காலம் ஏட்டளவிலேயே இருந்தது. 2003 ஆகஸ்டில் அதனைக் கண்டிப்பாகச் செயற்படுத்த அரசு ஆணையிட்டது. 2004 பிப்ரவரியில் சட்டமே நீக்கப்பட்டது. அந்த இடைப்பட்ட மாதங்கள் குறித்த விவாதங்களில் வழிபாட்டுரிமை பேசப்பட்ட அளவுக்கு, கூறின் வழியாக வீடுகளுக்குச் சென்ற உணவு பேசப்படவில்லை.

சமையல் முறை

இராசிபுரம் பக்கத்துச் சிற்றூர் ஒன்றில் மூதாட்டி ஒருவர் சமைத்ததை நேரில் கண்டு பதிவு செய்தேன். தோலைத் தீயில் வாட்டி, கத்தியால் சுரண்டி, மஞ்சள் தேய்த்துக் கழுவினார். கொழுப்புத் துண்டுகளை மட்டும் முதலில் வெறுஞ்சட்டியில் இட்டார். எண்ணெய் ஒரு துளியும் ஊற்றவில்லை. கொழுப்பு உருகியதும் அதிலேயே சின்ன வெங்காயம், பூண்டு, கிள்ளிய வரமிளகாய், கறிவேப்பிலை ஆகியவற்றை வதக்கினார். பின்னர் கறியும், அரைத்த மல்லி, மிளகு, சீரகமும் சேர்ந்தன. சிறிதளவு நீர் விட்டு மூடி, தோல் விரலால் நசுங்கும் அளவுக்குச் சிறுதீயில் வேகவிட்டார். இறுதியில் தேங்காய்ச் சில்லுகளைப் போட்டு நீர் வற்றி நெய் பிரியும்வரை சுருட்டினார். வரமிளகாய், சின்ன வெங்காயம், தேங்காய்ச் சில்லு ஆகிய இம்மூன்றும் நாமக்கல் மாவட்டத்துப் பள்ளிபாளையம் கோழி வறுவலுக்கும் உரியவை. வேறுபாடு கொழுப்பில்தான் உள்ளது: கோழிக்கு எண்ணெய் வேண்டும், பன்றி தன் கொழுப்பிலேயே வேகிறது.

நெடுநேரம் வேகவைத்தல் சுவைக்காக மட்டும் அன்று. திறந்தவெளியில் மேயும் பன்றியின் தசையில் நாடாப்புழுவின் இளநிலைக் கட்டிகள் இருக்கக்கூடும். நன்கு வெந்தால் அவை அழியும். இதனை மூதாட்டி புழுவின் பெயரால் சொல்லவில்லை. “அரைவேக்காடு ஆகாது” என்றார்.

வெண்பன்றியின் வருகை

நாமக்கல்லில் 1985இல் கால்நடை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டது. இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் தோன்றிய வெள்ளைப் பன்றி இனமும் அதன் கலப்பினங்களும் தமிழகப் பண்ணைகளில் பரவின. ‘வெண்பன்றி’ என்னும் பெயர் நிறத்தை மட்டும் குறிப்பதன்று. தெருவில் மேயும் கரும்பன்றியிலிருந்து இது வேறு, கொட்டிலில் தீனி தின்று வளர்ந்தது என்ற உறுதிமொழியும் அப்பெயரில் அடங்கியுள்ளது. மூலநோய்க்கு நல்லது என்ற நம்பிக்கையும் துணைநின்றது. இந்நம்பிக்கையின் மருத்துவ உண்மை எதுவாயினும், பன்றிக்கறியை வெளிப்படையாக வாங்கத் தயங்கியவர்க்கு அது சொல்லத்தக்க ஒரு காரணத்தைத் தந்தது.

தயக்கம் முற்றிலும் மறையவில்லை. முன்பு பல வீடுகளில் இக்கறிக்கெனத் தனிச்சட்டி இருந்தது. சமையல் வீட்டுக்கு வெளியே மூட்டிய அடுப்பில் நடந்தது. நான் பதிவு செய்த வீட்டில் விறகடுப்பு போய் எரிவாயு அடுப்பு வந்துவிட்டது. ஆனால் பன்றிக்கறி சமைக்கும் நாளில் பழைய ஒற்றை அடுப்பொன்று புழக்கடைத் தாழ்வாரத்துக்கு வருகிறது. கழுவிய சட்டி, மற்றப் பாத்திரங்களோடு சேராமல், சுவரோரம் தனியே கவிழ்த்து வைக்கப்படுகிறது.