மோட்லிங்கன் நிகழ்ச்சியும் ஆயர் பணியும்

நம் திருச்சபைகளில் ஊழியம் செய்யும் ஆயர் பெரும்பாலும் என்றேனும் ஒரு நாள் இச்சூழ்நிலையைச் சந்திக்கிறார். உறவினர் ஒரு பெண்ணை அழைத்து வந்து, இவளை அசுத்த ஆவி பிடித்திருக்கிறது, ஜெபித்து ஓட்டவேண்டும் என்று கேட்கின்றனர். அதட்டி ஓட்ட முற்படுவதா, மூடநம்பிக்கை என்று சொல்லி அனுப்பிவிடுவதா என்று அவர் தடுமாறுகிறார். இவ்விரண்டிலும் அப்பெண்ணின் துயரம் கேட்கப்படாமற்போகக் கூடும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜெர்மனியின் சிற்றூர் ஒன்றில் பணியாற்றிய லுத்தரன் ஆயர் ஒருவர் இதே நெருக்கடிக்குள்ளானார். அவர் நடந்துகொண்ட முறை பிற்கால இறையியலிலும் தடம் பதித்தது. அதனை வரலாற்று நோக்கில் இங்கு ஆராய முற்படுகிறோம்.

காலமும் களமும்

தென்மேற்கு ஜெர்மனியின் வூர்ட்டம்பர்க் நாடு அக்காலத்தில் ஒன்றோடொன்று முரண்பட்ட சிந்தனை ஓட்டங்களின் களமாக இருந்தது. பெங்கல் (1687-1752) போன்றோரால் வேரூன்றிய பக்தி இயக்கம் கிராமச் சபைகளில் உயிர்ப்புடன் விளங்கியது. வைன்ஸ்பெர்க் நகர மருத்துவரும் கவிஞருமான யுஸ்டினுஸ் கெர்னர், ஆவிகளோடு தொடர்பு கொண்டிருந்ததாகக் கூறப்பட்ட பிரீடரிகே ஹவுஃபே என்னும் பெண்ணைப் பற்றி 1829இல் நூல் வெளியிட்டார். ஆறு ஆண்டுகளுக்குப் பின்னர், 1835இல், டியூபிங்கனில் பணியாற்றிய டாவிட் பிரீட்ரிக் ஷ்ட்ராவுஸ் இயேசுவின் வாழ்க்கை பற்றிய தம் நூலில் சுவிசேஷங்களின் அற்புதங்களைப் புராணக் கூறுகளாக விளக்கினார். கற்றவர் உலகில் ஆவிகளைப் பற்றிய ஆர்வமும் ஐயமும் ஒருங்கே வளர்ந்தன. கிராம மக்களிடையேயோ மந்திரமும் குறிபார்த்தலும் மறையவில்லை.

இச்சூழலில் உருவானவரே யோகான் கிறிஸ்டோப் புளூம்ஹார்ட். அவர் 1805இல் ஸ்டுட்கார்ட் நகரில் பிறந்து, டியூபிங்கனில் இறையியல் பயின்றார். 1830 முதல் 1837 வரை பாசல் மிஷன் கல்விச்சாலையில் ஆசிரியராக இருந்தார். 1834இல் மங்களூர் வந்திறங்கிய சாமுவேல் ஹெபிக் அக்காலத்தில் அங்கு பயின்றவரே. 1838இல் புளூம்ஹார்ட் கருங்காட்டின் ஓரத்திலுள்ள மோட்லிங்கன் என்னும் ஊருக்கு ஆயராக வந்தார். அவருக்கு முன் அங்கு ஆயராயிருந்த கிறிஸ்டியான் கோட்லோப் பார்த், மிஷனெரி இலக்கியப் பணியால் புகழ்பெற்றவர். எனினும் நல்ல பிரசங்கங்களைக் கேட்டுக் கேட்டு மனம் மரத்துப்போன சபையையே புளூம்ஹார்ட் கண்டார்.

நிகழ்ச்சி

கோட்லீபின் டிட்டுஸ் 1815இல் பிறந்தவர், ஏழை, பல நோய்களால் நலிந்தவர். 1840இல் அவரும் அவருடைய உடன்பிறந்தாரும் ஒரு வீட்டின் கீழ்த்தளத்தில் குடியேறினர். அவ்வீட்டில் விளங்காத ஓசைகள் கேட்பதாகவும் உருவங்கள் தோன்றுவதாகவும் பேச்சு எழுந்தது. ஆயர் இச்செய்தியைத் தேடிச் செல்லவில்லை. கோட்லீபினுடைய நடத்தையில் ஏதோ ஒன்று தமக்கு வெறுப்பூட்டியதாகவே அவர் பின்னர் எழுதுகிறார். 1842இல் ஊராரின் பேச்சு பெருகியபோது, ஊர்த்தலைவரும் நம்பகமான வேறு சிலரும் உடன்வர, ஓர் இரவில் அவ்வீட்டைச் சோதித்தார். பின்னர் வேடிக்கை பார்க்க வருவோரைத் தவிர்க்கும்பொருட்டு அப்பெண்ணை வேறு வீட்டில் தங்கவைத்தார். அங்கும் அமைதி ஏற்படவில்லை. கடுமையான வலிப்பும் நினைவிழப்பும் தொடர்ந்தன. டாக்டர் ஷ்பேத் என்னும் மருத்துவர் அவரைக் கவனித்து வந்தார்.

ஒருநாள் வலிப்பின் நடுவே புளூம்ஹார்ட் அப்பெண்ணின் கைகளைப் பற்றிக் குவித்து, இயேசுவின் உதவியை வேண்டி அவரே ஜெபிக்குமாறு சொன்னார். பிசாசின் செயலைப் போதிய அளவு பார்த்துவிட்டோம், இனி ஆண்டவரின் செயலைக் காண்போம் என்பதே அன்று அவர் கூறியதன் கருத்து. வலிப்பு நின்றது. ஆனால் போராட்டம் அத்துடன் முடியவில்லை. 1843 டிசம்பர் வரை நீடித்தது. இக்கால முழுவதும் புளூம்ஹார்ட் சில வரையறைகளைக் கைக்கொண்டார். கோட்லீபினைத் தனியே சென்று காண்பதில்லை. சாட்சிகள் உடன் இருந்தனர். மந்திர வாய்பாடுகளையோ சடங்குகளையோ அவர் நாடவில்லை. ஜெபமும் உபவாசமும் வேதவசனமுமே அவருடைய கருவிகள். 1843 கிறிஸ்துமஸை ஒட்டிய நாள்களில் கோட்லீபினின் சகோதரி கத்தரீனாவும் சகோதரனும்கூடத் துன்புற்றனர். டிசம்பர் 28 அதிகாலை இரண்டு மணி அளவில், கத்தரீனாவின் வாயிலிருந்து 'இயேசுவே வெற்றியாளர்' என்ற பெருங்குரல் எழுந்தது. அத்துடன் போராட்டம் ஓய்ந்தது.

கனிகள்

இதற்குப் பின் நிகழ்ந்தவை நம் கவனத்திற்கு மிகவும் உரியவை. 1844 தொடக்கத்தில், ஊரில் நற்பெயர் இல்லாத ஒருவர் ஆயரின் இல்லத்திற்கு வந்து தம் பாவங்களை அறிக்கையிட்டார். பாவமன்னிப்பை வெளிப்படையாக அறிவிக்குமாறும் வேண்டினார். தயங்கிய புளூம்ஹார்ட் இறுதியில் கைகளை வைத்து மன்னிப்பை அறிவித்தார். அம்மனிதரின் முகத்தில் தோன்றிய மாற்றம் ஆயரையே வியக்கவைத்தது. அவரைத் தொடர்ந்து ஒருவர் பின் ஒருவராக வந்தனர். சில மாதங்களுக்குள் ஏறத்தாழ ஊர் முழுவதும் வந்தது. பழைய பகைகள் தீர்ந்தன. மறைவில் கையாண்ட மந்திர முறைகளைப் பலர் விட்டொழித்தனர்.

கோட்லீபினின் பிற்கால வாழ்வும் கருதத்தக்கது. குணமடைந்தபின் அவர் காட்சிப்பொருளாக வைக்கப்படவில்லை. ஊரில் சிறு குழந்தைகளுக்கான பள்ளி தொடங்கியபோது, அதற்கு அவரைவிடத் தகுதியான ஆசிரியை இல்லை என்று புளூம்ஹார்ட் கண்டார். பின்னர் அவர் ஆயர் குடும்பத்தில் ஒருவராகவே ஏற்கப்பட்டார். 1852இல் புளூம்ஹார்ட் பாட் போல் என்னுமிடத்தில் துன்புறுவோர்க்கான இல்லத்தைத் தொடங்கியபோது, அதன் பணியாளருள் முதன்மையானோரில் கோட்லீபினும் ஒருவர். 1872இல் மரிக்குமட்டும் அப்பணியைச் செய்தார்.

திருச்சபை அதிகாரிகள் கேட்டபடி புளூம்ஹார்ட் 1844இல் ஓர் அறிக்கை எழுதினார். அதனை மறைவாக வைக்குமாறு அவர் வேண்டியும் படிகள் வெளியே பரவின. குணம் நாடி வெளியூர் மக்கள் திரண்டனர். நோயாளிகளை மருத்துவரிடம் அனுப்பவேண்டும், குணமாக்கலை ஆயர் பணியோடு கலக்கலாகாது என்று 1846இல் அதிகாரிகள் பணித்தனர். இக்கட்டளை அவருக்கு வருத்தமளித்தது. ஆயினும் அவர் சபையை விட்டுப் பிரிந்து தமக்கென ஓர் இயக்கத்தை நிறுவவில்லை.

விளக்கங்கள்

இந்நிகழ்ச்சியை எவ்வாறு விளங்கிக்கொள்வது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. புராணநீக்க விவாதத்தின்போது ருடோல்ப் புல்ட்மன், புளூம்ஹார்ட் பற்றிய கதைகள் தமக்கு அருவருப்பானவை என்று வெளிப்படையாகக் கூறினார். கார்ல் பார்த் இதற்கு மாறாக, திருச்சபை இறையியல் என்னும் தம் பெருநூலில் 1959இல் வெளிவந்த பகுதியில், 'இயேசுவே வெற்றியாளர்' என்பதனையே ஒரு பிரிவின் தலைப்பாக்கினார். உளநோய் மருத்துவம் இதற்குத் தரக்கூடிய விளக்கத்தை அவர் மறுக்கவில்லை. அவ்விளக்கத்தோடு பொருள் முடிந்துவிடுவதில்லை என்பதே அவருடைய நிலை.

வரலாற்று மாணவர் இரண்டு செய்திகளை மறக்கலாகாது. முதலாவது, நமக்குள்ள முதன்மைச் சான்று ஆயர் எழுதிய அறிக்கையே. கோட்லீபின் தம் துன்பத்தைத் தாமே எவ்வாறு விளங்கிக்கொண்டார் என்பது அவர் குரலில் நமக்குக் கிட்டவில்லை. இரண்டாவது, புளூம்ஹார்ட் குறையற்றவர் அல்லர். ஆவிகள் எனத் தாம் கருதிய குரல்களோடு அவர் சில வேளைகளில் உரையாடினார். மரித்தோரின் ஆவிகளைப் பற்றி அக்குரல்கள் கூறியவற்றுக்கும் இடம் கொடுத்தார். இவ்வகையில் அவரைப் பின்பற்றவேண்டுவதில்லை.

நமக்குரிய பாடம்

இந்நிகழ்ச்சியோடு அதே நாட்டில் நிகழ்ந்த பிறிதொன்றை ஒப்பிடுதல் பயன் தரும். பவேரியாவின் கிளிங்கன்பெர்க் ஊரைச் சேர்ந்த அன்னலீசே மிக்கேல் என்னும் மாணவிக்கு 1975-76ஆம் ஆண்டுகளில், ஆயரின் ஆயராகிய பேராயரின் அனுமதியுடன், பிசாசோட்டும் சடங்கு 67 முறை நடத்தப்பட்டது. இறுதி மாதங்களில் மருத்துவர் உதவி பெறப்படவில்லை. 1976 ஜூலை 1 அன்று, 23 வயதில், உணவும் நீரும் இன்றி நலிந்து அப்பெண் மரித்தார். பெற்றோரும் இரு குருக்களும் 1978இல் நீதிமன்றத்தால் குற்றவாளிகள் எனத் தீர்க்கப்பட்டனர். அது உரோமன் கத்தோலிக்கச் சபையில் நேர்ந்தது என்று சொல்லி நாம் தேறுதல் கொள்ள இயலாது. நம்மிடையேயும் நோயுற்றோரை மருந்தை நிறுத்தச் சொல்வதும், கூட்டத்தின் நடுவே நிறுத்தி அதட்டுவதும், அடிப்பதும் விசுவாசம் எனக் கருதப்படுவதுண்டு.

இரு நிகழ்ச்சிகளிலும் ஈடுபட்டோர் பிசாசின் வல்லமையை மெய்யென நம்பியவர்களே. ஆகவே வேறுபாடு அவர்களுடைய நம்பிக்கையில் இல்லை. மோட்லிங்கனில் மருத்துவர் விலக்கப்படவில்லை; சாட்சிகள் இருந்தனர்; வேடிக்கை பார்ப்போர் தவிர்க்கப்பட்டனர். துன்புற்றவரே ஜெபிக்க அழைக்கப்பட்டார். பிறர் கையில் வெறும் பொருளாக அவர் விடப்படவில்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஆயர் ஓர் இரவோடு நின்றுவிடாமல், ஓராண்டுக்கு மேல் அவரோடு நிலைத்திருந்தார். அதன்பின் தம் இல்லத்திலும் இடம் தந்தார்.

லூக்கா எட்டாம் அதிகாரத்தில் கெதரேனர் நாட்டு மனிதன் ஆடையணிந்து, தெளிந்த புத்தியோடு இயேசுவின் பாதத்தருகே அமர்ந்திருப்பதையும், பின்னர் தன் வீட்டிற்கே அனுப்பப்படுவதையும் காண்கிறோம். பத்தாம் அதிகாரத்தில், ஆவிகள் கீழ்ப்படிந்ததைக் குறித்து மகிழ்ந்து திரும்பிய சீடர்களின் மகிழ்ச்சியை ஆண்டவர் வேறு திசைக்குத் திருப்புகிறார். ஆயர் பணிக்கு ஆயத்தமாகும் நாம் இவ்விரு பகுதிகளையும் சேர்த்துப் படிக்கவேண்டும். அசுத்த ஆவி பிடித்தவர் என்று நம்மிடம் அழைத்து வரப்படுபவரை முதலில் அமரச் செய்து, பெயர் கேட்டு, உணவும் மருந்தும் உண்டா என்று விசாரித்து, அவர் சொல்வதைப் பொறுமையோடு கேட்போமாக. அவரோடு ஜெபிப்போமாக. மறுவாரமும் அவர் வீட்டிற்குச் செல்வோமாக. பாடசாலையில் குழந்தைகளின் நடுவே நின்ற கோட்லீபினை நினைவிற்கொண்டால், அப்பணியின் நோக்கம் இன்னதென்பது நமக்கு விளங்கும்.