தமிழில் குரல் உதவியாளர்

குரல் உதவியாளர் என்பது மனிதர் பேசுவதைக் கேட்டு, பேச்சாலேயே பதில் சொல்லும் அல்லது சொன்ன வேலையை முடித்துத் தரும் கணினி நிரல். ஆப்பிளின் சிரி, அமேசானின் அலெக்ஸா, கூகுள் அசிஸ்டன்ட் ஆகிய மூன்றும் பலரும் அறிந்தவை. ஆங்கிலம் பேசுவோர் கைக்கு 2011இல் வந்த இந்த வசதி, தமிழுக்கு 2019இல்தான் வந்து சேர்ந்தது. எழுதப் படிக்கத் தெரியாதவருக்குத்தான் இது மிகவும் உதவும் என்று தொடக்கம் முதலே சொல்லப்பட்டு வந்தது. அவருக்கே இது கடைசியாகவும் குறைவாகவும் உதவியது என்பதுதான் இதன் வரலாறு.

இதன் வேலை நான்கு கட்டங்களில் நடக்கிறது. காதில் விழுந்த ஒலியை எழுத்தாக்க வேண்டும். கேட்பவருக்கு என்ன வேண்டும் என்பதை அந்த எழுத்திலிருந்து பிரித்தறிய வேண்டும். விடையைத் தேட வேண்டும். கிடைத்த விடையை மறுபடியும் ஒலியாக்க வேண்டும். முதற்கட்டத்தில் ஒரு சொல் பிசகினால் மற்ற மூன்றும், யாரும் கேட்காத கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருக்கும்.

தமிழில் பிசகுவதற்கு இடம் அதிகம். எழுத்தில் ‘மழை பெய்திருக்கிறது’ என்பது வாயில் ‘மழ பேஞ்சிருக்கு’ என்று வருகிறது. செய்தித்தாள் வாக்கியங்களை ஒலிவாங்கி முன் அமர்ந்து படிக்கச் செய்து பதிவு எடுப்பது எளிது, செலவும் குறைவு. ஆனால் அப்படிப் பழக்கப்பட்ட இயந்திரத்துக்கு யாரும் வீட்டில் பேசாத தமிழ்தான் தெரிந்திருக்கும். ஒரே வினைச்சொல்லில் காலம், எண், இடம், மறுப்பு, ஐயம் எல்லாம் ஒட்டிக்கொள்வதால் சொல்வடிவங்களின் எண்ணிக்கையும் பெருகுகிறது. இயந்திரக் குரலுக்கு வேறொரு சிக்கல். ‘ப’ என்ற ஒரே எழுத்தை ‘பல்’, ‘பஸ்’ என்ற இரு சொற்களில் இரு விதமாக ஒலிக்க வேண்டும் என்று அதற்கு யாராவது சொல்லித்தர வேண்டும்.

வட்டார வழக்கு இவற்றுக்கெல்லாம் மேலே நிற்கிறது. அருப்புக்கோட்டை, திருச்சுழிப் பக்கத்துக் கரிசல் காட்டில் ‘வத்தல்’ என்றால் காய்ந்த மிளகாய். வேறு ஊர்களில் அது உப்பிட்டு உலர்த்திய சுண்டைக்காயாகவோ மணத்தக்காளியாகவோ இருக்கும். விருதுநகர்ச் சந்தையில் ‘மல்லி’ கொத்தமல்லி விதை. அங்கிருந்து ஏறத்தாழ 50 கிலோமீட்டர் வடக்கே, மதுரைப் பூச்சந்தையில் அதே சொல் மல்லிகைப்பூ. விருதுநகர்ப் பக்கத்துக் குமாரலிங்கபுரத்து மானாவாரி விவசாயி ஒருவர் ‘மல்லி இன்னைக்கி என்ன வெல போகுது?’ என்று கேட்டால், எந்தச் சந்தையின் விலையைச் சொல்ல வேண்டும் என்பது அந்த வாக்கியத்தில் இல்லை. கேட்பவர் நிற்கும் மண்ணில் இருக்கிறது. இத்தகைய சொற்களை எழுத்தாளர் கி. ராஜநாராயணன் 1982இல் வட்டார வழக்குச் சொல் அகராதியாகத் தொகுத்துத் தந்தார். ஆனால் இயந்திரத்துக்கு அகராதி மட்டும் போதாது. அதே சொல்லைப் பலர், பல வயதில், பல குரலில் சொன்ன ஒலி வேண்டும்.

பெருநிறுவனங்கள் தமிழை எண்ணிப்பார்க்கும் முன்பே தமிழ்நாட்டிலும் புதுச்சேரியிலும் முயற்சி தொடங்கிவிட்டது. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1998இல் புதுச்சேரிக் கிராமங்களில் தகவல் மையங்களை அமைத்தது. வீராம்பட்டினம் மீனவர்களுக்கு, இணையத்திலிருந்து எடுத்த கடல் அலை முன்னறிவிப்பு ஒலிபெருக்கியில் வாசித்துச் சொல்லப்பட்டது. எழுத்தைக் கடந்து தகவலைக் காதில் சேர்க்கும் வேலையை அங்கே மனிதக் குரலே செய்தது. பின்னர், 2005–06 அளவில், கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இந்த நிறுவனத்துடன் சேர்ந்து, திண்டுக்கல் மாவட்டம் செம்பட்டிப் பக்கம் பேச்சால் இயங்கும் வேளாண் தகவல் முறையைச் சோதித்தனர். மொழி முழுவதையும் இயந்திரத்துக்குக் கற்பிக்க அவர்கள் முனையவில்லை. தேவையான சில சொற்களை மட்டும் எடுத்துக்கொண்டு, அவற்றை அந்த ஊர் மக்களின் வாயாலேயே சொல்ல வைத்துப் பதிவு செய்தனர். சிறு சொற்பட்டியல், உள்ளூர்க் குரல் என்ற இந்த அடக்கமான வழி, பின்னால் வந்த பல பெரிய திட்டங்களைவிடச் சிக்கலின் வேருக்கு அருகில் இருந்தது.

அடுத்து, மத்திய அரசின் நிதியில், சென்னை ஐஐடி தலைமையேற்ற கல்வி நிறுவனங்களின் கூட்டமைப்பு, தொலைபேசியில் கேட்டால் சந்தை விலை சொல்லும் முறையைத் தமிழ் உட்பட 6 இந்திய மொழிகளில் உருவாக்கியது. தமிழை வாய்விட்டுப் படிக்கும் இயந்திரக் குரலுக்குச் சென்னை ஐஐடியில் ஹேமா மூர்த்தியும், பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தில் ஏ. ஜி. ராமகிருஷ்ணனும் நெடுங்காலம் உழைத்தனர்.

நிறுவனங்களின் கதை 2011 அக்டோபர் 4 அன்று ஆப்பிள் சிரியை அறிமுகப்படுத்தியதில் தொடங்குகிறது. அமேசானின் அலெக்ஸா 2014இலும், கூகுள் அசிஸ்டன்ட் 2016இலும் வந்தன. கூகுள் 2017 ஆகஸ்டில் தமிழில் பேசித் தட்டச்சு செய்யும் வசதியையும், 2019இல் தமிழ் அசிஸ்டன்ட்டையும் தந்தது. அலெக்ஸாவில் இந்திக்கே 2019 செப்டம்பரில்தான் இடம் கிடைத்தது. மொழிகளைச் சேர்த்த வரிசையை முடிவு செய்தது பேசுவோரின் தொகை அன்று, வாங்குவோரின் பணம். அந்தக் கணக்கும் பலிக்கவில்லை. பாட்டுப் போடவும், அலாரம் வைக்கவும், வானிலை கேட்கவுமே மக்கள் அலெக்ஸாவைப் பயன்படுத்தினர். அமேசானின் கருவிப் பிரிவு 2017 முதல் 2021 வரை 2,500 கோடி டாலருக்கு மேல் இழந்ததாக வால் ஸ்ட்ரீட் ஜர்னல் 2024இல் எழுதியது.

அதிகம் தடுமாறியது முதலில் வந்த ஆப்பிள்தான். சிரி நெடுங்காலம் முன்கூட்டியே வகுத்த கட்டளைகளுக்கு மட்டுமே கட்டுப்பட்டது. வகுக்காததைக் கேட்டால் இணையத்தில் தேடச் சொல்லிக் கையை விரித்தது. 2022 நவம்பரில், எதைக் கேட்டாலும் உரையாடிப் பதில் தரும் சாட்ஜிபிடி வந்ததும் இந்தக் குறை எல்லோர் கண்ணிலும் பட்டது. பயனரின் மின்னஞ்சல், குறுஞ்செய்தி, நாட்காட்டி ஆகியவற்றை அறிந்து பதில் தரும் புதிய சிரி வரும் என்று 2024 ஜூனில் ஆப்பிள் அறிவித்து, விளம்பரமும் செய்தது. 2025 மார்ச்சில் அது தாமதமாகும் என்று ஒப்புக்கொண்டு விளம்பரத்தைத் திரும்பப் பெற்றது. சிரியின் பொறுப்பு ஆப்பிள் அதிகாரி ஜான் ஜியானாண்ட்ரியாவிடமிருந்து மற்றோர் அதிகாரியான மைக் ராக்வெலுக்குக் கைமாறியது. 2026 ஜனவரியில், போட்டி நிறுவனமான கூகுளின் ஜெமினி மொழி மாதிரியை அடித்தளமாகக் கொள்ளப்போவதாக ஆப்பிள் அறிவித்தது. தமிழைப் பொறுத்தவரை, இந்திய ஆங்கிலத்தோடு தமிழும் கலந்து சிரியிடம் பேசலாம் என்ற வசதி 2024இல்தான் வந்தது. ஸ்ரீபெரும்புதூரில் ஐபோன்கள் தயாரிக்கப்படத் தொடங்கிச் சில ஆண்டுகள் ஆன பிறகே, அவற்றைத் தயாரித்த கைகளின் மொழி அந்தக் கருவிக்குள் பாதியாக நுழைந்தது.

சாட்ஜிபிடி, ஜெமினி போன்றவற்றை இயக்கும் பெரிய மொழி மாதிரிகள் வந்த பிறகு நிலைமை ஓரளவு மாறியது. ஜெமினி செயலி 2024 ஜூனில் தமிழ் உள்ளிட்ட 9 இந்திய மொழிகளில் வந்தது. ஆனாலும் மொழி மாதிரி சீர்செய்வது பெரும்பாலும் கேள்வியைப் பிரித்தறிவதையும் விடை தேடுவதையும்தான். ஒலியை எழுத்தாக்கும் முதற்கட்டத்துக்குக் காது வேண்டும், அதற்குப் பதிவு வேண்டும். அந்த வேலையை ஓரளவு நிறைவாகச் செய்தது சென்னை ஐஐடியின் ஏஐ4பாரத் குழு. அக்குழு 2024இல் வெளியிட்ட இண்டிக்வாய்சஸ் தொகுப்பில், 22 மொழிகளில், 145 மாவட்டங்களைச் சேர்ந்த 16,237 பேரின் 7,348 மணிநேரப் பேச்சு இருந்தது. அதில் வாசித்தது 9 விழுக்காடு மட்டுமே. மற்றது தன்போக்கில் பேசியதும் உரையாடியதும். செய்தித்தாளைப் படிக்க வைத்த பழைய முறை இங்கே தலைகீழானது. மத்திய அரசின் பாஷினி திட்டமும் 2022 முதல் இத்தகைய பதிவுகளைத் திரட்டி வருகிறது.

வேளாண்மையில் இதன் பயன் இன்னும் தொடக்க நிலையில்தான் உள்ளது. விவசாயிகளுக்கு மத்திய அரசு தரும் பிஎம் கிசான் உதவித்தொகை பற்றிய கேள்விகளுக்கு விடை சொல்லும் கிசான் இ-மித்ரா 2023 செப்டம்பரில் தொடங்கப்பட்டது. அது தமிழிலும் பேசுகிறது. பயிர், பூச்சி, உரம் பற்றிக் கேட்க, 2004 ஜனவரியில் தொடங்கிய கிசான் கால் சென்டர் இருக்கிறது. கட்டணமில்லா 1800-180-1551 என்ற எண்ணில், காலை 6 மணி முதல் இரவு 10 மணி வரை, இயந்திரமல்ல, வேளாண்மை படித்த மனிதர்களே தமிழில் பதில் சொல்கிறார்கள்.